அலமாரியும் அதிகாரமும்: அடையாற்றில் நம்பிக்கைச் சுதந்திரம் விதியான வரலாறு (1884–1938)

சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது 1937-ல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், இன்றைய பாரிமுனைப் பகுதியில் இருந்தபோதே, அதன் இதழ் ஒரு புயலைக் கிளப்பியது. அடையாறு பிரம்மஞான சபையில் மகாத்மாக்கள் என்ற மறைவான ஞானிகள் அனுப்புவதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் மோசடி என்று, சபையில் வேலைசெய்து வெளியேற்றப்பட்ட எம்மா கூலோம் கொடுத்த கடிதங்களை ஆதாரமாக வைத்து, 1884 செப்டம்பரில் அது எழுதியது.

பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் தொடங்கிய சபை 1875-ல் நியூயார்க்கில் பிறந்தது. 1882-ல் அடையாற்றின் ஹடில்ஸ்டன் தோட்டத்துக்கு வந்தது. சாதி, மதம், இனம், பால் பாராத சகோதரத்துவமே அதன் முதல் நோக்கம். ஆனால் ஆட்களை ஈர்த்தது மேல்மாடியில் தொங்கிய ஓர் அலமாரி. கடிதத்தை உள்ளே வைத்தால் பதில் வரும். 1883-ல் ஊட்டியிலிருந்து வந்த ஓர் ஆங்கிலேயத் தளபதியின் முன் அதன் கதவைத் திறந்தபோது பீங்கான் தட்டு விழுந்து நொறுங்கியது. துண்டுகளைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தார்கள். சில நிமிடங்களில் முழுத் தட்டாக வெளியே வந்தது. முன்பே ஜோடியாக வாங்கிய தட்டு அது என்று கூலோம் பின்னர் சொன்னார். விசாரிக்க லண்டன் ஆய்வுச் சங்கம் ஒன்று அனுப்பிய ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் வந்து சேர்வதற்குள் அலமாரியையே சபையினர் எரித்துவிட்டிருந்தார்கள். 1885-ல் அவருடைய அறிக்கை பிளாவட்ஸ்கி அம்மையாரை மோசடிக்காரர் என்றது. (அந்த அறிக்கையின் முறையைக் கடுமையாக விமர்சித்த வெர்னன் ஹாரிசனின் கட்டுரையை அதே லண்டன் சங்கம் 1986-ல் வெளியிட்டது.) அம்மையார் 1885-ல் அடையாற்றை விட்டுப் போனவர், திரும்பவேயில்லை.

வெளியார் தாக்குதலை வரலாற்றாசிரியர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். என் பார்வையில் அதைவிட முக்கியமானது உள்வீட்டுச் சண்டை. சபையைச் சென்னைக்கு அழைத்தவர்களில் ஒருவர் வக்கீல் டி. சுப்பாராவ்; மறைஞானத்தில் தேர்ந்தவர் என்று பிளாவட்ஸ்கியே கொண்டாடிய அத்வைதி. 1886 மாநாட்டில் கீதை பற்றிப் பேசிய அவர், மனிதனை ஏழு கூறுகளாகப் பிரிக்கும் சபை வழக்கத்தை ஏற்காமல், தாரக ராஜயோக மரபின் நான்கு கூறுகளே போதும் என்றார். 1887-ல் அவரும் பிளாவட்ஸ்கியும் சபையின் ‘தியாசபிஸ்ட்’ இதழிலேயே மோதினார்கள். ஏழா, நாலா என்பது இன்று நமக்குச் சில்லறை விஷயம். பயிற்சி செய்கிறவருக்கு அப்படியல்ல. கணக்கு மாறினால் சாதனையே மாறிவிடும். 1888-ல் சுப்பாராவ் விலகினார். கருத்து வேற்றுமையை அச்சிட இடம் இருந்தது, அதோடு சேர்ந்து வாழும் வழிதான் இல்லை. ஆல்காட் இதில் வேறு மாதிரி. இலங்கையில் 1880-ல் பஞ்சசீலம் ஏற்று பௌத்தரானவர், 1886-ல் அடையாறு நூலகத்தைத் திறந்தபோது பல மதத்துப் பெரியவர்களை ஒரே மேடையில் ஆசி கூற வைத்தார்.

அடுத்த பிளவு இன்னும் சிக்கலானது. 1909-ல் அடையாற்றுக் கடற்கரையில் சபையின் முன்னணியாளர் லெட்பீட்டர் கண்ட சிறுவன் கிருஷ்ணமூர்த்தியை உலக குருவின் வாகனம் என்று அறிவித்து, 1911-ல் நட்சத்திர சங்கம் அமைத்தார்கள். ஜெர்மன் கிளைத் தலைவர் ருடால்ஃப் ஸ்டைனர் இதை ஏற்கவில்லை. அதோடு நிற்காமல், அதை ஏற்றவர்களுக்குத் தம் கிளையில் இடமில்லை என்றார். 1913-ல் சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அந்தக் கிளையின் அங்கீகாரத்தையே ரத்து செய்தார். பிறர் நம்பிக்கையை மதிக்கவில்லை என்று இரு தரப்பும் குற்றம் சாட்டின, இரண்டுமே உண்மைதான்.

இத்தனைக்கும் பிறகுதான் 1924 டிசம்பர் 23-ல் பொதுக்குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சபையின் மூன்று நோக்கங்களை ஏற்றால் போதும், வேறெந்தக் கோட்பாடும் உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது. பிளாவட்ஸ்கி உட்பட எந்த ஆசானுக்கும் தம் கருத்தைத் திணிக்கும் அதிகாரம் கிடையாது. விரும்பிய குருவை யாரும் பின்பற்றலாம், பிறரை இழுக்கக் கூடாது. கருத்தைக் காரணம் காட்டிப் பதவியையோ வாக்கையோ மறுக்கவும் கூடாது. ஒரு காலத்தில் நாத்திகராக இருந்த பெசன்ட் தலைமையில், லிபரல் கத்தோலிக்கப் பிஷப்பான லெட்பீட்டர் செல்வாக்கோடு இருந்த நாளில் இந்த விதி வந்தது. அன்றைய நம்பிக்கைகளில் பெரியதே 1929-ல் உதிர்ந்தது. கிருஷ்ணமூர்த்தி நட்சத்திர சங்கத்தைக் கலைத்தார். அந்த ஆண்டுகளில் சபையின் தோட்டத்தில் மரங்களுக்கிடையே இந்துக் கோயிலும் பௌத்த ஆலயமும் தேவாலயமும் பார்சிக் கோயிலும் தனித்தனியே எழுந்தன, 1937-ல் மசூதி.

அதே ஆண்டு தாம்பரத்துக்கு வந்த கிறித்தவக் கல்லூரியில் 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. பிற மதங்களை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பெரிய வாதம். டச்சு இறையியலாளர் ஹெண்ட்ரிக் கிரேமர் இறைவெளிப்பாட்டையும் மதங்களையும் கறாராகப் பிரித்தார். கல்லூரி முதல்வராக இருந்த ஏ. ஜி. ஹாக் மறுத்தார், கோட்பாடுகள் வேறு, அவற்றின் வழியே ஒருவர் இறைவனிடம் வைக்கும் பற்று வேறு, அந்தப் பற்றை எங்கே கண்டாலும் மதிக்க வேண்டும் என்றார். 1884-ல் அடையாற்றை அம்பலப்படுத்திய கல்லூரியிலிருந்து வந்த குரல் இது. ஹாக்கின் கட்டுரை 1939-ல் மாநாட்டு வரிசையின் முதல் தொகுதியில் அச்சாயிற்று. அந்தத் தொகுதியின் தலைப்பு ‘விசுவாசத்தின் அதிகாரம்’. அடையாறு தன் ஆசான்களிடமிருந்து பறித்தது அந்த இரண்டாவது சொல்லைத்தான்.