முதுகெலும்பு வளர்தட்டுக் காயம்

முதுகெலும்பு வளர்தட்டுக் காயம் என்பது, வளர்ச்சி முற்றுப்பெறாத பதின்ம வயதினரின் முள்ளெலும்பு விளிம்பில் உள்ள வளர்பகுதி சிதைவதை அல்லது பெயர்ந்து விலகுவதைக் குறிக்கும். சீருடற்பயிற்சி (ஜிம்னாஸ்டிக்ஸ்), பளுதூக்குதல், மற்போர் போன்றவற்றில் கடும் பயிற்சி பெறுவோரிடம் இது காணப்படுகின்றது. இதனைத் தசைப்பிடிப்பு எனக் கருதிப் பயிற்சியைத் தொடர்வது பரவலாக நேரும் தவறாகும்.

அமைப்பும் காரணமும்

ஒவ்வொரு முள்ளெலும்பின் மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் ஒரு குருத்தெலும்புத் தட்டு உண்டு. அதன் ஓரம் வளையம் போன்றது. சிறு வயதில் குருத்தெலும்பாக இருக்கும் இவ்வளையம் படிப்படியாக எலும்பாக மாறி, ஏறத்தாழ 18 வயதளவில் முள்ளெலும்புடன் ஒன்றிவிடுகின்றது. சிலருக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகலாம். இரு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள இடைத்தட்டின் வெளிநார்கள் இவ்வளையத்தையே பற்றியுள்ளன. நார்களின் பிடி வலியது. வளையத்தை எலும்புடன் இணைக்கும் குருத்தெலும்போ வலுக்குறைந்தது. எனவே, வயதுவந்தோருக்கு இடைத்தட்டுப் பிதுக்கத்தை உண்டாக்கும் விசை, 14 வயதுச் சிறுவனுக்கு வளையத்தின் ஒரு துண்டையே பெயர்த்துவிடக்கூடும். நன்கு ஒட்டிய பலகைகளை இழுக்கும்போது பசை விடாமல் பலகை பிளப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

பின்விளிம்பில் ஏற்படும் பெயர்வு பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் கீழ் முள்ளெலும்புகளில் நிகழ்கின்றது. பெயர்ந்த துண்டு தண்டுவடக் கால்வாயினுள் தள்ளப்பட்டு நரம்புகளை அழுத்தலாம். இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஏற்படும் முள்ளெலும்பு வளைவின் தகைவு முறிவு இதனின்றும் வேறானது. எனினும் இரண்டும் கீழ்முதுகு வலியாகவே வெளிப்படுவதால் குழப்பம் நேர்கின்றது.

அறிகுறிகளும் மருத்துவமும்

குனியும்போது மிகும் முதுகுவலி, காலுக்குப் பரவும் வலி, மல்லாந்து படுத்துக் காலை நீட்டியவாறு உயர்த்த இயலாமை ஆகியன முக்கிய அறிகுறிகள். சாதாரண எக்சு-கதிர்ப் படத்தில் சிறு துண்டு புலப்படாமல் போகலாம். எலும்புத் துண்டைக் காட்டுவதில் சி.டி. வருடலும், இடைத்தட்டையும் நரம்பையும் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. வருடலும் சிறந்தவை. ஓய்வும் இயன்முறை மருத்துவமும் பலருக்குப் போதுமானவை. வலி நீங்காவிடினும் கால் வலுவிழப்பினும் அறுவை மருத்துவம் தேவைப்படலாம். சிறுநீர்க் கட்டுப்பாடு இழத்தல் உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலையாகும்.

வயது வரம்பு

பன்னாட்டுச் சீருடற்பயிற்சிக் கூட்டமைப்பு 1997 ஆம் ஆண்டில் மூத்தோர் பிரிவுப் பெண்களுக்கான குறைந்த வயதை 16 ஆக உயர்த்தியது. ஆயினும் இவ்வரம்பு போட்டிக்கு உரியதேயன்றிப் பயிற்சிக்கு உரியதன்று. கடும் பயிற்சியோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வளையம் குருத்தெலும்பாக இருக்கும்போதே தொடங்கிவிடுகின்றது.