மந்தைவெளியில் சிங்கி பிடித்தவர்கள்

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டர்களில் பல, அதற்கு முன்னால் எஸ்.டி.டி. பூத்தாக இருந்தவை. என்னுடையதும் அப்படித்தான். மஞ்சள் போர்டும் கண்ணாடிக் கூண்டும் போய், அதே சின்ன அறைக்குள் எட்டு கம்ப்யூட்டர் வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் அன்றைய கட்டணத்தில் அது தெருவுக்கு வரவில்லை. 1998 கடைசியில் தனியாருக்கு வழி திறந்து, சென்னையில் தலைமையகம் வைத்திருந்த சத்யம் இன்ஃபோவே, அதாவது பின்னாளில் சிஃபி, இணைப்பு விற்க ஆரம்பித்தது. அடுத்து டிஷ்நெட்டின் டி.எஸ்.எல். வந்தது. என் போன்றவர்கள் கடை போட முடிந்தது அப்போதுதான்.

பிரவுசிங் சென்டர்களைப் பற்றி யாராவது எழுதினால் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு மெயில், பிளஸ் டூ ரிசல்ட், விசா விண்ணப்பம் என்று எழுதுவார்கள். அதெல்லாம் நடந்தது. ஆனால் 2002லிருந்து ஏறக்குறைய பத்து வருஷம் என் கடையின் நாற்காலிகளைச் சூடாக வைத்திருந்தது வேறு ஒன்று. இந்த ஊர்ப் பிள்ளைகள் கடையில் இருந்தபடி இன்டர்நெட் விளையாட்டுக்குள் இன்னொரு ஊரில் குடியிருந்தார்கள். அங்கே மீன் பிடித்தார்கள், மரம் வெட்டினார்கள், கடை போட்டார்கள், செல்லப் பிராணி வளர்த்தார்கள், கல்யாணம்கூடச் செய்துகொண்டார்கள். நான் விளையாடியதில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். விளையாடியவன் தன் திரையை மட்டும் பார்த்தான், எனக்கு எட்டுத் திரையும் தெரிந்தது.

இந்த வகை விளையாட்டின் வேர் 1978இல் இருக்கிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் வெறும் எழுத்தால் ஆன ஓர் உலகத்தை உண்டாக்கினார்கள். பெயர் மட். படம் கிடையாது. 'வடக்கே போ' என்று தட்டினால் வடக்கே என்ன இருக்கிறது என்று வாசகம் வரும். அதன் பேரப்பிள்ளைகள்தான் என் கடைக்கு வந்தவை எல்லாம்.

முதலில் வந்தது ரூன்ஸ்கேப். ஆண்ட்ரூ கோவர் தம் சகோதரர் பாலோடு சேர்ந்து 2001 ஜனவரியில் வெளியிட்டது. சென்னையில் அது பரவியதற்குக் காரணம் அதன் அழகு இல்லை. அதை எதிலும் ஏற்ற வேண்டியதில்லை என்பதுதான். ஜாவா இருந்தால் பிரவுசரிலேயே ஓடும். எந்தக் கடைக்காரரும் பையன்களை கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார். ரூன்ஸ்கேப்புக்கு எங்கள் அனுமதியே தேவைப்படவில்லை. மாதம் ஐந்து டாலர் கட்டினால் பெரிய உலகம் திறக்கும். ஆனால் அதற்கு கிரெடிட் கார்டு வேண்டும், எட்டாம் வகுப்புப் பையனுக்கு யார் கொடுப்பார்கள்? ஆகவே எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இலவசப் பகுதியின் குடிமக்கள். மீன்பிடி, சமையல், மரவெட்டு, சுரங்கம், கொல்லு வேலை எல்லாம் அந்தப் பகுதியிலேயே இருந்தன.

மாட வீதியிலிருந்து வந்த ஒரு பையன் சிங்கி இறால் பிடிப்பான். நாற்பதாம் நிலைக்கு வந்தால்தான் சிங்கி பிடிக்க முடியும். துறைமுகத்தில் முப்பது காசு கொடுத்துக் கப்பல் ஏறி கரம்ஜா என்ற தீவுக்குப் போக வேண்டும். பையில் 28 இடம். சிங்கி பிடிக்கும் கூண்டுக்கு ஒன்று, திரும்பி வரும் காசுக்கு ஒன்று போக, 26 சிங்கி. தீவில் வங்கி இல்லாததால் மறுபடி கப்பலேறி வந்து போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு சிங்கிக்கு 90 புள்ளி. உச்ச நிலையான 99ஐத் தொட 1,30,34,431 புள்ளி வேண்டும். அவன் ஒருநாள் ரஃப் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினான்: நாற்பதிலிருந்து ஆரம்பித்தால் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் சிங்கிக்கு மேல், ஐயாயிரத்து ஐந்நூறு கப்பல் பயணத்துக்கு மேல். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சலிப்பு இல்லை. வீட்டில் முட்டைகூட ஆகாது. இங்கே சிங்கியைச் சுட்டுக் கருகாமல் எடுப்பது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

அதே நேரத்தில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலிருந்து ஒரு பையன் வருவான். அப்பா கடலுக்குப் போகிறவர். முதல் நாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "என்னடா இது, கூண்டு போட்டுட்டு உக்காந்திருந்தா சிங்கி தானா வந்து ஏறிக்குமா? எங்க நைனா ராத்திரி வலைய எறக்கிட்டு விடிகாலைல போய்ப் பாப்பாரு. நாலு கெடைச்சாலே பெரிசு" என்றான். மாட வீதிப் பையன் அதை முழுசாகக் கேட்டுக்கொண்டான். எந்த மாதம், எத்தனை ஆழம், என்ன விலை என்று கேள்வி மேல் கேள்வி. பட்டினப்பாக்கத்துப் பையனும் விளையாட்டில் ஒரு கணக்கு ஆரம்பித்தான், ஆனால் மீன் பக்கமே போகவில்லை. "வூட்ல பாக்கற வேலைய இங்கயும் பாக்கணுமா அண்ணே?" என்று என்னிடம் சொல்லிவிட்டு மரம் வெட்டப் போனான். கருவாலி மரத்தில் ஆரம்பித்து யூ மரம் வரைக்கும் போனான். சிங்கிக்கு விறகு, விறகுக்கு சிங்கி என்று இருவரும் மாற்றிக்கொண்டார்கள். மந்தைவெளியில் ஒரே பெஞ்சில் உட்கார வேறு காரணம் அந்த இரண்டு பேருக்கும் கிடைத்திருக்காது.

ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்த உலகங்களுக்கு வருகிறவர்களைச் சீட்டுக்கட்டைப் போல நாலாகப் பிரித்தார். சாதிக்க வருகிறவன் டைமன், தேடித் திரிகிறவன் இஸ்பேட், பேச வருகிறவன் ஆட்டின், அடுத்தவனை வெட்ட வருகிறவன் கிளாவர். இந்தத் துறையில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிற பாகுபாடு அது, மதிக்கத்தக்கது. ஆனால் என் கடையில் நான் பார்த்த பெரும்பாலானவர்களை இந்த நாலில் எதிலும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் குடியிருக்க வந்தவர்கள். சண்டை நடந்துகொண்டிருந்தது, சண்டைக்காரனுக்குக் காயம் ஆற சுட்ட சிங்கி வேண்டும், அது இவர்களிடம் இருந்தது. ஊர் என்பது எங்கேயும் இப்படித்தான் ஓடுகிறது. விளையாட்டைச் செய்தவர்கள் பக்கவாட்டில் வைத்த தொழில்கள்தான் எங்கள் பிள்ளைகளை உள்ளே பிடித்து வைத்தன.

அடுத்தது ராக்னராக் ஆன்லைன். கொரியாவில் லீ மியங்-ஜின் வரைந்த சித்திரக்கதையை வைத்து கிராவிட்டி நிறுவனம் 2002இல் வெளியிட்டது. பிறகு லெவல் அப் நிறுவனம் இந்தியாவுக்கென்றே தனி சர்வர் நடத்தியது. இதை இன்ஸ்டால் செய்ய வேண்டும். கைமாறிக் கைமாறிக் கீறல் விழுந்த சிடி ஒன்று என் மேசை டிராயரில் எப்போதும் கிடக்கும். இதில் புதிதாகப் பிறக்கிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் ஒன்று உட்காருவது. உண்மையாகத்தான் சொல்கிறேன். அதற்கும் ஒரு நிலை உண்டு, அதைத் தொட்ட பிறகுதான் தரையில் உட்கார முடியும், உட்கார்ந்தால் உடம்பு சீக்கிரம் தேறும். ஆகவே புரோன்டெரா என்ற தலைநகரில் எங்கே பார்த்தாலும் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

வணிகர் என்று ஒரு தொழிலை எடுத்தால் தள்ளுவண்டி கிடைக்கும், தெருவில் கடை போடலாம். தலைக்கு மேலே பலகை தொங்கும், அதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். புரோன்டெராவின் தெற்குத் தெரு தீபாவளிக்கு முந்தின ரங்கநாதன் தெருவாக இருக்கும். நடுவில் நடக்க இடம் இருக்காது. தி.நகரில் அப்பா துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பையன், தள்ளுபடி வாங்கும் திறமையையும் கூடுதல் விலைக்கு விற்கும் திறமையையும் முதலில் முழுசாக ஏற்றிக்கொண்டான். கத்தியைத் தொடவே இல்லை. ஆனால் ஒரு சிக்கல். கடை போட்டவன் விளையாட்டிலிருந்து வெளியே போனால் கடை மூடிவிடும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "அங்கிள், கடை போட்டுட்டுப் போறேன், காலைல வந்து பாத்துக்கறேன்" என்பான். ராத்திரிக்கென்று ஒரு குறைந்த வாடகை வைத்தேன். ஷட்டரை இறக்கிய பிறகும் உள்ளே இரண்டு மூன்று திரைகளில் வியாபாரம் நடக்கும். 2008இலும் 2012இலும் மின்வெட்டு வந்தபோது யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் முதல் கேள்வி.

அடையாறிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் ஒரு இளஞ்சிவப்புக் குட்டியை வளர்த்தாள். போரிங் என்று பெயர், ஜெல்லி உருண்டை மாதிரி குதிக்கும். பழுக்காத ஆப்பிள் கொடுத்துப் பழக்க வேண்டும், பிறகு நேரத்துக்கு ஆப்பிள் சாறு தர வேண்டும். பசியில் விட்டால் பாசம் குறைந்து ஓடிப்போய்விடும், தேவைக்கு மேல் ஊட்டினாலும் குறையும். பரீட்சை நாளில்கூட உள்ளே வந்து அதற்குக் கொடுத்துவிட்டு, சில்லறையை மேசையில் வைத்துவிட்டு ஓடுவாள். புரோன்டெரா தேவாலயத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு என் கடையிலிருந்து ஐந்து பேர் போனார்கள். மணப்பெண் சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தாள். மோதிரத்தில் துணையின் பெயர் இருக்கும். கொல்லர் அடித்த வாளிலும் ரசவாதி காய்ச்சிய மருந்திலும்கூடச் செய்தவரின் பெயர் பதியும். அந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. யாரோ தூக்கிப் போகும் வாளில் மந்தைவெளிப் பையன் வைத்துக்கொண்ட பெயர் இருந்தது.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தது. ஐந்நூறு ரூபாய்த் திட்டத்தில் விடியற்காலை இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம், மற்ற நேரத்தில் அளவு. இதன் விளைவை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மயிலாப்பூரின் எத்தனையோ வீடுகளில் அலாரம் இரண்டுக்கு வைக்கப்பட்டது. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையை ஆரம்பிக்கும் நேரத்தில் அவர்களுக்கு இரண்டு மணி நேர மீன்பிடி முடிந்திருக்கும். தாத்தா குளிக்க எழுந்தால் பேரன் முன்னாலேயே விழித்திருப்பான். படிக்கிறான் என்று நினைத்துப் பாட்டி காபி கலந்து கொடுத்ததை மூன்று வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் சொன்னார்கள். எனக்கு வருமானம் குறைந்தது அங்கிருந்துதான் ஆரம்பம்.

உள்ளேயும் காற்று மாறியது. விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்கும் கும்பல்கள் பெருகியதால், 2008 ஜனவரி முதல் ரூன்ஸ்கேப்பில் ஒருவருக்கொருவர் கொடுப்பதற்குக் கடுமையான வரம்பு வந்தது. கும்பலை நிறுத்த அது உதவியிருக்கலாம். ஆனால் பெரிய பையன் புதிதாக வந்த சின்னவனுக்கு ஒரு நல்ல கோடரியும் பை நிறைய சுட்ட சிங்கியும் கொடுத்து அனுப்பும் வழக்கம் ஒரே நாளில் நின்றது. என் கடையில் அதுதான் உண்மையான கல்வியாக இருந்தது. 2011 பிப்ரவரியில் வரம்பை நீக்கினார்கள், அதற்குள் அந்தச் சின்னவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள்.

அதே 2011 ஏப்ரலில் சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசின் விதிகள் வந்தன. அடையாள அட்டை, ஒரு வருடம் பாதுகாக்க வேண்டிய பதிவேடு, நாலரை அடிக்கு மேல் போகாத தடுப்பு. பிறகு கையில் செல்போன் வந்தது. கடையை மூடிவிட்டேன், இப்போது அந்த இடத்தில் ஜெராக்ஸ், ஆதார் பிரின்ட் எடுக்கிறார்கள்.

2013இல் ரூன்ஸ்கேப்பின் 2007 வடிவத்தை மறுபடி கொண்டு வரலாமா என்று விளையாடுபவர்களிடமே வாக்கெடுத்தார்கள். நாலு லட்சத்துக்கும் மேல் வாக்கு விழுந்து பழைய உலகம் திரும்பியது. 2018இல் அது செல்போனிலும் வந்தது. பழைய கணக்கில் சேர்த்த எதுவும் அதற்குள் வராது, எல்லாரும் இறாலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மாட வீதிப் பையனை சமீபத்தில் லஸ் முனையில் பார்த்தேன். பெருங்குடியில் வேலை, தலையில் நரை. போனை எடுத்து மீன்பிடி நிலையைக் காட்டினான். 91.

"அப்ப தொண்ணூத்தொன்பதுக்கு இன்னும் எட்டுதானேப்பா?" என்றேன்.

"இல்ல அங்கிள், மேல போகப் போகப் புள்ளி ஏறிட்டே போகும். தொண்ணூத்திரண்டுதான் பாதி வழி."