தலைச்சுற்றும் மானிப்பாய் வைத்தியமும்

தலை சுற்றுவது எதனால்? பித்தத்தால் என்பதே யாழ்ப்பாண வீடுகளின் பழைய பதில். எண்ணெய் வைத்து முழுகச் சொன்னார்கள். வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு நூல் மரபே இருந்தது. யாழ்ப்பாண அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகளின் பெயர் தாங்கிய செகராசசேகரமும் பரராசசேகரமும் வாதம், பித்தம், சிலேற்பனம் ஆகியவற்றைக் கொண்டே நோயைக் கணித்தன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1928 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டபோது முதலில் வந்தது, தலைநோய்களைப் பேசும் சிரரோக நிதானம்.

ஐரோப்பிய வைத்தியரும் நெடுங்காலம் தலையையே பார்த்தார்கள். சுற்றி விழுந்தவருக்கு மூளையில் இரத்தம் மிகுந்துவிட்டது என்று இரத்தம் வெளியேற்றினார்கள். பாரிஸில் செவிப்புலன் அற்றோர் நிலையத்தின் மருத்துவர் புரொஸ்பர் மெனியேர் 1861இல் இதை மறுத்தார். காது இரைந்து, கேட்கும் திறன் குறைந்து, கூடவே தலையும் சுற்றினால் பழுது உட்செவியில்தான் என்றார்.

அந்தக் காதின் உள்ளமைப்பைப் பேசும் அறிவியல் தமிழுக்கு வந்த வழி யாழ்ப்பாணத்து மானிப்பாய். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மறு ஆண்டில் அங்கே மாணவர்களுக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். 1864 முதல் அவரது வகுப்புகள் தமிழிலேயே நடந்தன. ஊரிலேயே தங்கி ஊராருக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் உருவாக வேண்டும் என்பது அவர் எண்ணம். மாணவர்களோடு சேர்ந்து பாடநூல்களைத் தமிழாக்கினார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது. உட்செவியின் மூன்று அரைவட்டக் கால்வாய்களை விவரித்த நூல் கிரேயினுடையது. அவற்றுள் இருக்கும் திரவத்தின் அசைவால் தலை திரும்புவதை உடல் உணர்கிறது என்பதை மாஹ், புரோயர், கிரம் பிரவுன் என்னும் ஐரோப்பிய அறிவியலாளர் மூவரும் தனித்தனியே விளக்கியது இந்தத் தமிழாக்கத்துக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில். கிறீனோ 1873இலேயே யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட்டார்.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மருத்துவபீடமும், கைதடியில் 1984இல் தொடங்கிய சித்த மருத்துவப் படிப்பும் இயங்குகின்றன. தலைச்சுற்றுக்குக் காரணம் ஒன்றல்ல. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் மட்டும் சுற்றினால், உட்செவியின் சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்திருக்கலாம். 1980இல் ஜோன் எப்லி அறிமுகப்படுத்திய முறைப்படி மருத்துவர் தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கு நகர்த்துவார். பலருக்கு மருந்தே தேவைப்படாது. எழும்பும்போது மட்டும் கிறுகிறுத்தால் இரத்த அழுத்தத்தையும், குடிக்கும் தண்ணீரின் அளவையும், எடுக்கும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். திடீரென்று சுற்றும்போது பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, ஒருபக்கக் கைகால் சோர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது எண்ணெய் முழுக்கும் மல்லிக் குடிநீரும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.