துணியில் எழுதியவர்கள் – அத்தியாயம் 6: பச்சை வெல்வெட்

சென்ற வாரம், 1962 மே 19 இரவு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் மர்லின் மன்றோவை நிறுத்திவிட்டு வந்தோம். அதிபர் கென்னடியின் பிறந்தநாள் விழா. உடம்பின் நிறத்திலேயே மெல்லிய துணி. அதன்மேல் தைத்த சுமார் 2,500 கற்கள் விளக்கொளியில் மின்னின. உடை ழான் லூயியின் கைவண்ணம் என்று உலகம் பேசியது. ஆனால் அதைக் காகிதத்தில் பென்சிலால் முதலில் வரைந்த கை வேறொருவருடையது. யார் அவர் என்று கேட்டு முடித்திருந்தேன்.

அவர் பாப் மேக்கி. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த உதவியாளர். கலிஃபோர்னியாவில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸின் ஷுனார்ட் கலைப்பள்ளியில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். ழான் லூயி, ஈடித் ஹெட் போன்ற பெரியவர்கள் மனத்தில் நினைத்ததைக் கோட்டில் கொண்டுவருவது அவர் வேலை. படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அப்படிப்பட்டவர்களுக்கு இடம் இல்லை. அந்த உடை 2016-இல் 48 லட்சம் டாலருக்கு ஏலம் போனபோதுகூட, அதை வரைந்தவரின் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. மேக்கியைக் கைதூக்கி விட்டது சினிமா அல்ல, தொலைக்காட்சி. 1963-இல் ஜூடி கார்லண்ட் நிகழ்ச்சிக்கு உடை வடிவமைத்த ரே அகாயன் தனக்கு ஓர் உதவியாளர் தேடினார். தெஹ்ரானில் பிறந்து அமெரிக்கா வந்தவர் அவர். மேக்கியைச் சேர்த்துக்கொண்டார். தொழிலில் தொடங்கிய அந்த உறவு வாழ்க்கைத் துணையாகி, 2011-இல் அகாயன் இறக்கும்வரை நீடித்தது. கார்லண்டின் நிகழ்ச்சி ஒரே பருவத்தில் நின்றுபோனது. இவர்கள் நிற்கவில்லை. ஆலிஸ் கதையின் கண்ணாடி உலகத்தை வைத்து 1966-இல் என்பிசி ஒளிபரப்பிய இசை நிகழ்ச்சிக்கு இருவரும் உடை செய்தார்கள். மறு ஆண்டு, உடை வடிவமைப்புக்கென்று முதன்முதலாக ஓர் எம்மி விருது வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர்கள் இவர்கள்தான்.

அதே 1967-இல்தான் கேரல் பர்னெட் வருகிறார்.

பர்னெட் அழகுப் பதுமையாக அறியப்பட்டவர் அல்லர். முகத்தைக் கோணி, தடுக்கி விழுந்து, தொண்டை கிழியக் கத்திச் சிரிக்கவைப்பவர். நடிகை மிட்சி கெய்னரின் மேடை நிகழ்ச்சியில் மேக்கியின் உடைகளைப் பார்த்துவிட்டு, சிபிஎஸ்ஸில் தான் தொடங்கவிருந்த வாராந்தர நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார். பாட்டு, நடனம், நாடகத் துணுக்குகள் எல்லாம் கலந்த ஒரு மணி நேரம். விருந்தினர், நடனக்குழு உட்பட அத்தனை பேருக்கும் வாரத்துக்கு 50-க்கும் மேற்பட்ட உடைகள். 1978 வரை, 11 பருவங்கள். ஒரு நிகழ்ச்சியின் சமிக்கி உதிர்ந்து முடிவதற்குள் அடுத்ததற்கான கதைத்தாள் மேஜைக்கு வந்துவிடும். யோசிக்க, வரைய, துணி வாங்க, தைக்க, அளவு பார்க்க எல்லாவற்றுக்கும் சேர்த்து இருந்ததே சில நாட்கள்தாம். சினிமாக்காரர்கள் கனவில்கூட ஒப்புக்கொள்ளாத வேகம்.

அந்த வேகத்துக்குள் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நடிகர் டிம் கான்வே, 'டட்பால்' என்ற முதலாளிக்கும் அவருடைய காரியதரிசி 'மிஸஸ் விகின்ஸு'க்கும் நடக்கும் கூத்தைத் துணுக்காக எழுதினார். எழுத்தில் அந்தக் காரியதரிசி ஒரு தள்ளாத கிழவி. மேக்கிக்கு அது பிடிக்கவில்லை. பர்னெட் ஏற்கெனவே நிறையக் கிழவிகளாக நடித்தாயிற்று. இவள் மினுக்கிக்கொண்டு திரியும், மூளையைக் கசக்காத இளம்பெண்ணாக இருக்கட்டும் என்றார். பொன்னிறப் பொய்முடி வைத்தார். இறுக்கமான கறுப்புப் பாவாடை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது பின்பக்கம் தொளதொளவென்று நின்றது. பிடித்துத் தைத்துவிடலாம் என்றார் பர்னெட். வேண்டாம், அந்த இடத்தை நிரப்பும்படி பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு நடங்கள் என்றார் மேக்கி.

அவ்வளவுதான். அமெரிக்கா முழுவதும் மறக்காத அந்த நடை அளவறையில் பிறந்தது. கதைத்தாளில் அந்த நடை இல்லை, இயக்குநரும் சொல்லவில்லை. ஒரு பாவாடையின் பிசகை மேக்கி திருத்த மறுத்தார்; ஒரு கதாபாத்திரம் எழுந்து நடந்தது. உடைக்காரரை எழுத்தாளருக்குச் சமமாக வைத்துப் பேச வேண்டும் என்று நான் ஆறு வாரமாக வாதாடுவது இதற்காகத்தான்.

இனி 1976 நவம்பர்.

'கான் வித் த விண்ட்' படம் வந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. நவம்பர் 7, 8 ஆகிய இரண்டு இரவுகளில் என்பிசி அதைத் தொலைக்காட்சியில் காட்டியது. அதுவரை அந்நாட்டுத் தொலைக்காட்சி கண்ட மிகப்பெரிய பார்வையாளர் கூட்டங்களில் ஒன்று அன்று கூடியது. சரியாக அதே வாரம், 13-ஆம் தேதி ஒளிபரப்புவதற்கென்று பர்னெட் குழு அந்தப் படத்தைக் கேலி செய்யும் நாடகத்தைத் தயாரித்தது. படத்தின் நாயகி ஸ்கார்லெட் ஓஹாரா இங்கே 'ஸ்டார்லெட்' ஆனாள்; நாயகன் ரெட் பட்லர், 'ராட் பட்லர்' ஆனான்.

படத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் கட்டம் ஒன்று. போரில் சொத்தெல்லாம் போய்விட்டது. பண்ணைக்கு வரி கட்டக் காசில்லை. நாயகனிடம் பணம் பெறப் போக வேண்டும். வறுமை வெளியே தெரியக்கூடாது. ஸ்கார்லெட் வீட்டு ஜன்னலில் தொங்கும் பச்சை வெல்வெட் திரைச்சீலையைப் பார்க்கிறாள். மறு காட்சியில் அது கம்பீரமான கவுனாக அவள்மேல் இருக்கிறது. அதை வடிவமைத்தவர் வால்டர் பிளங்கெட்.

நாடகத்தில் ஸ்டார்லெட்டும் திரைச்சீலையைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறாள். திரும்பி வரும்போது துணி அவள்மேல் கன்னாபின்னாவென்று தொங்குகிறது. கதைத்தாளில் இருந்த நகைச்சுவை இதுதான். படித்த மேக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வருவதை யாரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பார்த்தது வந்தால் சபை புன்னகைக்கும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. அழகான கவுனாகவே தைத்துவிட்டால் கேலி போய்விடும். அலங்கோலமும் கூடாது, அழகு மட்டுமாகவும் கூடாது. நாட்களோ ஓடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அவருக்குத் தோன்றியது: திரைச்சீலையைக் கழற்றியவள் எதைக் கழற்ற மறந்திருப்பாள்?

பச்சை வெல்வெட் வந்தது. பொன்னிற ஜாலர் வந்தது. இடுப்பில் கட்டக் குஞ்சம் வைத்த கயிறு, தலைக்கு அதே துணியில் தொப்பி. உடலோடு பொருந்தும்படி நேர்த்தியாகத் தைத்த பிறகு, கடைசியாக இன்னொரு பொருளைக் கேட்டார். தையலறையில் எந்த உடைக்கும் இதுவரை தேவைப்படாத பொருள் அது. அளவு பார்க்க வந்த பர்னெட், அதைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் அளவறைச் சிரிப்பு வேறு, சபையின் சிரிப்பு வேறு. லாஸ் ஏஞ்சலஸ், சிபிஎஸ் டெலிவிஷன் சிட்டி. பார்வையாளர்கள் நிறைந்த அரங்கம். ராட் பட்லர் வேடத்தில் ஹார்வி கோர்மன் கீழே காத்திருக்கிறார். கேமராக்கள் மாடிப்படியின் உச்சிக்குத் திரும்புகின்றன. ஸ்டார்லெட் வெளியே வருகிறாள், இரு தோள்களுக்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றோடு. ஒரு வசனமும் பேசவில்லை. முதல் படியில் கால் வைக்கிறாள். அடுத்த நொடி அந்த அரங்கத்தில் நடந்தது...

(அடுத்த வாரம்)