போர்ஷே 944-க்குள்ள ஓடற ஜப்பான் தண்டு

போர்ஷேன்னாலே ஜெர்மன்காரங்களுக்கு ஒரு தனிப் பெருமை. ஆனா 944 இன்ஜினுக்குள்ள இருக்கற ஒரு சமாச்சாரத்துக்கு அவங்க மிட்சுபிஷிக்குக் காசு கொடுத்தாங்கன்னு சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டேங்கிறாங்க. அந்தக் கதைதான் இன்னிக்கு. பழைய 944 வெச்சுக்கிட்டு "அதிருதே"ன்னு புலம்பறவங்களுக்கும் உதவும்.

நாலு சிலிண்டர் இன்ஜின்ல ரெண்டு பிஸ்டன் மேலே போறப்ப ரெண்டு கீழே வருது. அப்ப ஒண்ணை ஒண்ணு சமன் பண்ணிடணும் இல்லையா? பண்ணாது. கனெக்டிங் ராடு சாய்ஞ்சு சாய்ஞ்சு வேலை செய்யறதால, பிஸ்டன் தன் பயணத்தோட மேல்பாதியை வேகமாவும் கீழ்பாதியை மெதுவாவும் கடக்குது. கிராங்க் கால் சுத்து வந்ததும் மேலிருந்து இறங்கறது பாதி வழியைத் தாண்டியிருக்கும். கீழிருந்து ஏறறது பாதிக்கே வந்திருக்காது. இதனால கிராங்க் ஒரு சுத்து முடிக்கறதுக்குள்ள மொத்த இன்ஜினும் ரெண்டு தடவை மேலும் கீழும் உதறுது. வேகம் ரெண்டு மடங்கானா உதறல் நாலு மடங்கு!

இதுக்கு மருந்து கண்டுபிடிச்சவர் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் (1868-1946). எடை ஒருபக்கமா இருக்கற ரெண்டு தண்டு, எதிரெதிர் திசையில, கிராங்கைப் போல ரெண்டு மடங்கு வேகத்துல. அவ்வளவுதான். முதல் உலகப்போருக்கு முன்னாடியே யோசிச்ச மனுஷன். (விமானம் பறக்கற கணக்கு, டிஸ்க் பிரேக்னு இவர் தொடாத இடமே இல்லை. இவரைப் பத்தி தனியா ஒரு பதிவு போடணும்.) ஆனா கார் உலகம் அதை ரொம்ப காலம் கண்டுக்கவே இல்லை.

1975-ல மிட்சுபிஷி அதைத் தூசு தட்டி எடுத்து 'சைலன்ட் ஷாஃப்ட்'னு பேர் வெச்சது. தண்டு ரெண்டையும் ஒரே மட்டத்துல வைக்காம ஒண்ணை உயரத்துலயும் ஒண்ணைத் தாழவும் வெச்சாங்க. மேல்கீழ் உதறலோட, இன்ஜின் பக்கவாட்டுல முறுக்கறதும் குறைஞ்சது. என்னைக் கேட்டா இதுதான் அசல் புத்திசாலித்தனம்.

போர்ஷேக்கு அது ஏன் தேவைப்பட்டது? 1976-ல வந்த 924-ல ஆடி வழி வந்த 2 லிட்டர் இன்ஜின். கரடுமுரடுன்னு பேர் வாங்கிச்சு. 1981-ல காட்டின 944-க்கு, 928-ஓட வி8 இன்ஜின்ல பாதியைப் போல ஒண்ணு செஞ்சாங்க: 2.5 லிட்டர், 100 மி.மீ. போர். அவ்வளவு பெரிய நாலு பிஸ்டன் சும்மா விடுமா? காப்புரிமை மிட்சுபிஷி கையில. கௌரவம் பார்க்காம உரிமம் வாங்கினாங்க. ஒன்றரை லட்சத்துக்கும் மேல 944 வித்தது.

சரி, இப்ப அதிர்வு எங்கிருந்து வருதுன்னு எப்படிப் பிடிக்கறது? அது எதைத் தொடருதுன்னு பாருங்க. வண்டியை நிறுத்தி நியூட்ரல்ல ரேஸ் பண்ணறப்பவே வந்தா, இன்ஜின் பக்கம்தான். ஐடில்ல மட்டும் குலுங்கினா முதல் சந்தேகம் இன்ஜின் மவுண்ட் மேல. உள்ளே திரவம் இருக்கற வகை, வயசானா அமுங்கிடும். 944-ல கியர்பாக்ஸ் பின்னாடி, கிளட்ச் முன்னாடி. நடுவுல டார்க் டியூப்புக்குள்ள ஒரு நீளத் தண்டு இன்ஜின் வேகத்துலயே சுத்தும். வண்டி நிக்கறப்ப கிளட்ச்சை மிதிச்சதும் சத்தம் அடங்கினா அந்த டியூப் பேரிங்கையோ கியர்பாக்ஸையோ பாருங்க. ஓடறப்ப மட்டும் வந்து, நியூட்ரல்ல உருளவிட்டாலும் போகலைன்னா வீல், டயர், பின் ஆக்சில் ஜாயின்ட்.

எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்கும். 100 கி.மீ. வேகத்துல சக்கரம் நொடிக்கு சுமார் 14 சுத்து. 3000 ஆர்.பி.எம்.ல கிராங்க் 50, பேலன்ஸ் தண்டு 100. போன்ல அதிர்வு அளக்கற ஆப்பை வெச்சே இதைப் பிரிச்சிடலாம்.

அந்த 100 தெரிஞ்சா பெல்ட்டைத் திறக்கணும். தண்டு எதிரெதிரா சுத்தறதால அந்த பெல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பல் உண்டு. ஒரு பல் தள்ளிப் போட்டாலே தண்டு உதறலைச் சரியா அடக்காது. அது அறுந்தா இன்னும் மோசம். துண்டு பக்கத்துல ஓடற டைமிங் பெல்ட்ல மாட்டும். டைமிங் போச்சுன்னா பிஸ்டன் வால்வை முட்டி வளைச்சிடும். பெல்ட் மாத்தின பிறகுதான் அதிர்வு ஆரம்பிச்சதுன்னா முதல்ல குறி ஒத்துப்போகுதான்னு பாருங்க. மவுண்ட் வாங்கறது அப்புறம்.