வைரசுத் துணுக்கும் உடற்காவலும்

கலத்தினுள் ஒளிந்து பெருகும் வைரசை உடல் எங்ஙனம் இனங்காண்கின்றது? குருதியில் உலவும் பிறபொருளெதிரிகள் ஆங்கு சென்று அதனைப் பற்றுதல் அரிது. இவ்வினாவின் விடை மூன்று படிகளிற் கிட்டியது.

கன்பெராவில் பீற்றர் டொகேட்டி, ரோல்வ் சிங்கர்நாகல் ஆகிய இருவரும் சுண்டெலிகளில் நிகழ்த்திய ஆய்வு 1974 இல் வெளிவந்தது. வைரசு தொற்றிய கலங்களுள், தமக்குரிய இழையப்பொருத்தப் புரதத்தைத் தாங்கியவற்றையே ரீ-நிணநீர்க்கலங்கள் அழித்தன. மாற்றுறுப்பை உடல் நிராகரிப்பதற்குக் காரணமென அறியப்பட்டிருந்த அப்புரதத்தின் இயற்கைப் பணி இதனாற் புலனாயிற்று. ஆயினும் ரீ-கலங்கள் வைரசின் எப்பகுதியைக் கண்டன என்பது தெளிவாகவில்லை.

1986 இல் அலன் ரவுன்சென்ட் குழுவினர், இன்புளுவென்சா வைரசின் உட்புரதத்தை ஒத்த சிறு துணுக்குகளைச் செயற்கையாக ஆக்கித் தொற்றற்ற கலங்களுடன் சேர்த்தனர். ரீ-கலங்கள் அவற்றையும் அழித்தன. 1987 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பமெலா பியோர்க்மன் முதலியோர் இழையப்பொருத்தப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டனர். அதன் உச்சியில் துணுக்கு தங்குதற்குரிய பள்ளமொன்று காணப்பட்டது. பொதுவாக 8 முதல் 10 வரையான அமினோவமிலங்களே அதில் அமைகின்றன.

முன்னவர் இருவரும் 1996 இல் நோபல் பரிசு பெற்றனர். இன்புளுவென்சாவின் புறப்புரதங்கள் விரைந்து மாறுவன; உட்புரதங்கள் அவ்வளவு மாறுவதில்லை. ஆதலின், நெடுநாட் பயன்தரும் தடுப்பூசியை நாடுவோர் இத்துணுக்குகளையும் ஆராய்கின்றனர்.