சாணித்தாளில் விரிந்த அண்டவெளி

மரக்கூழிலிருந்து செய்த மட்டமான காகிதத்தில், நம்மவர் சாணித்தாள் என்று இகழ்ச்சியாகச் சொல்லும் ரகத்தில், அச்சடித்து, ஓரங்களைக்கூடச் சீராக வெட்டாமல், மேலே மட்டும் கண்ணைப் பறிக்கும் வர்ண அட்டையொன்றைப் போர்த்தி, அமெரிக்க நகரங்களின் மூலைக்கடைகளில் சில்லறைக் காசுக்கு விற்ற கதைச் சஞ்சிகைகளுக்குப் ‘பல்ப்’ என்று பெயர். பிராங்க் முன்சி என்பவர் 1896-ஆம் ஆண்டில் தம்முடைய ‘ஆர்கஸி’யைக் கொண்டு தொடங்கிவைத்த இந்த வியாபாரம், அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் துப்பறியும் கதைக்கு ஒன்று, கௌபாய்க் கதைக்கு ஒன்று, காதல் கதைக்கு ஒன்று என்று கிளைவிட்டுப் பெருகியது. வார்த்தைக்கு ஒரு சென்ட், சில சமயம் அதற்கும் குறைவு என்ற கூலிக்கு எழுதப்பட்ட அந்தக் கதைகளில் பெரும்பாலானவை காகிதத்தோடு சேர்ந்து பழுத்து உதிர்ந்துவிட்டன என்பதில் இலக்கியத்துக்கு நஷ்டம் அதிகமில்லை. ஆயினும் அவற்றுள் ஒரு வகை மட்டும், நட்சத்திரங்களுக்கிடையே கப்பல் விட்டு, கிரகங்களை மோதவிட்டு, சாம்ராஜ்யங்களைக் கவிழ்த்து விளையாடிய அந்த விண்வெளிச் சாகசக் கதை மட்டும், இன்றைக்கும் புதிதாக ஒரு தொடர் வெளிவரும்போதெல்லாம் ‘இது பழைய பல்ப் கதைகளுக்குச் செலுத்திய வந்தனம்’ என்று அபிமானிகள் கூடிப் பேசும்படியாக உயிர் தரித்திருக்கிறது. இதற்குக் காரணம் கதைகளின் சிறப்பு அன்று. கதைகளுக்குப் பின்னால், பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சான வாசகர் கடிதங்களே என்பது என் துணிபு.

லக்ஸம்பர்க்கில் 1884-இல் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடியேறி, ரேடியோச் சாமான்களும் ரேடியோப் பத்திரிகைகளும் விற்றுப் பெயரெடுத்த ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக், விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ என்ற மாத சஞ்சிகையை 1926 ஏப்ரலில் 25 சென்ட் விலையில் வெளியிட்டார். கதையைக் கொண்டு விஞ்ஞானம் புகட்டலாம் என்பது அவருடைய சித்தாந்தம். அது எவ்வளவு பலித்ததோ, அதைவிட அதிகமாகப் பலித்தது மறு ஆண்டு அவர் திறந்துவிட்ட கடிதப் பகுதி. கடிதம் எழுதியவருடைய பெயரோடு வீட்டு விலாசத்தையும் முழுமையாக அச்சிடும் வழக்கத்தை அவர் அனுஷ்டித்ததனால், ஒரு சிற்றூரில் தன்னைத் தவிர இந்தப் பைத்தியம் பிடித்தவர் வேறெவருமில்லை என்று எண்ணியிருந்த இளைஞன், நூறு மைலுக்கு அப்பால் தன்னைப் போன்ற இன்னொருவன் இருப்பதைக் கண்டு, பத்திராசிரியரின் மத்தியஸ்தம் இல்லாமலே அவனுக்குத் தபால் எழுதலானான். இப்படிப் பழகியவர்கள் சங்கம் கூடினார்கள். சங்கங்கள் தங்களுக்கென்று கையெழுத்துப் பிரதிக்குச் சற்றே மேற்பட்ட பத்திரிகைகளை நடத்தின. சிகாகோவில் அத்தகைய கடிதக் கழகம் ஒன்று 1930 மே மாதத்தில் வெளியிட்ட ‘தி காமெட்’ அவற்றுள் முதலாவது என்பார்கள்.

இதே ‘அமேஸிங்’கின் 1928 ஆகஸ்டு இதழைத்தான் விண்வெளிச் சாகசத்தின் ஜன்ம பத்திரிகை என்று சொல்லவேண்டும். மாவு மில்களுக்கு ரசாயன நிபுணராக இருந்து, எண்ணெயில் பொரிக்கும் டோனட் பண்டத்துக்கான கலவைகளை ஆராய்ந்து வயிறு வளர்த்த டாக்டர் ஈ. ஈ. ஸ்மித் என்பவர், 1915-லேயே எழுதத் தொடங்கி, காதல் கட்டங்கள் தமக்கு வரமாட்டா என்று சிநேகிதர் மனைவியான லீ ஹாக்கின்ஸ் கார்பி அம்மையாரின் உதவியை நாடி, முடித்த பின்னும் பல பத்திரிகைகளால் திருப்பியனுப்பப்பட்ட ‘தி ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்’ அந்த இதழில்தான் தொடங்கிற்று. அதுவரை சந்திரனுக்கும் செவ்வாய்க்குமே போய்வந்துகொண்டிருந்த கதாநாயகர்களைச் சூரிய மண்டலத்துக்கு அப்பால் இழுத்துச் சென்ற பெருமை ஸ்மித்துக்கு உரியது. அதே இதழில் பிலிப் பிரான்ஸிஸ் நௌலன் எழுதிய வேறொரு கதையின் நாயகன், அடுத்த ஜனவரியில் பக் ராஜர்ஸ் என்ற நாமதேயத்தோடு தினசரிகளின் சித்திரத் தொடரில் நுழைந்து உலகப் பிரசித்தி பெற்றான். அந்த இதழின் அட்டையில் முதுகில் யந்திரம் கட்டிப் பறக்கும் மனிதனைப் பக் ராஜர்ஸ் என்றே பலரும் இன்றும் எண்ணுகிறார்கள். உண்மையில் அவன் ஸ்மித்தின் கதையைச் சேர்ந்தவன்.

ஸ்மித்தின் நடையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல என்னால் இயலவில்லை. பாத்திரங்கள் பேசும் பேச்சு மரக்கட்டையின் பேச்சு. உபமானங்களோ ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடுகின்றன. ஆனால் அளவு என்ற ஒன்றை, தூரமும் காலமும் வேகமும் மனிதப் புத்திக்கு எட்டாதபடி பெருகிக்கொண்டே போவதன் பரவசத்தை, அவரைப்போல் வாசகனின் நரம்பில் ஏற்றியவர் முன்னால் இல்லை. அந்தப் பரவசத்தோடு சண்டையும் பிறந்தது. ஒளியின் வேகத்தை எதுவும் மிஞ்ச முடியாது என்று ஐன்ஸ்டைன் சொல்லியிருக்க, இவருடைய கப்பல் எப்படி மிஞ்சலாம் என்று கேட்பவரும், கதைக்கு அது வேண்டும் என்று பதில் சொல்பவருமாகக் கடிதப் பக்கங்கள் நிறைந்தன.

அங்கே சண்டையிட்டவர்களுள் ஒருவன் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவரின் மகன். கடையில் தொங்கிய பல்ப் சஞ்சிகைகளைத் தொடவிடாத தகப்பனார், அட்டையில் ‘ஸயன்ஸ்’ என்ற வார்த்தை இருப்பதைக் காட்டிப் பையன் வாதாடியதில் ஏமாந்து அனுமதி கொடுத்தாராம். அந்த ஐஸக் அசிமாவ், ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில், விஞ்ஞானக் கதைக்குள் பெண்களையும் காதலையும் கொண்டுவந்து கெடுக்காதீர்கள் என்று பத்தொன்பது வயதுக்குரிய அதிகாரத்தோடு ஆக்ஞையிட்டான். 1939 மார்ச்சில் அவனுடைய முதல் கதையே ‘அமேஸிங்’கில் பிரசுரமாயிற்று. கடிதக்காரன் ஆசிரியனாகும் இந்த மாற்றம் அந்தக் காலத்தில் அபூர்வமன்று. கடல் கடந்து இங்கிலாந்தில், வுல்வொர்த் கடையில் சில பென்னிக்குக் குவித்திருந்த பழைய அமெரிக்க இதழ்களைப் புரட்டி வளர்ந்த ஆர்தர் கிளார்க், பிற்பாடு இலங்கையில் குடியேறி அங்கேயே முதுமையெய்திய காலத்தில், ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகையைப் பற்றியே ஒரு நினைவு நூலை 1989-இல் வெளியிட்டார் என்றால், அந்தச் சாணித்தாளின் வாசனை எத்தகையது என்று யூகிக்கலாம்.

ஸ்மித்தோ தம் வாசகர்களைத் தள்ளி நிற்க விடவில்லை. மிச்சிகனில் அவருடைய அபிமானிகள் ‘காலக்டிக் ரோமர்ஸ்’ என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தம்முடைய லென்ஸ்மன் என்ற நாவல் தொடரின் கையெழுத்துப் பிரதிகளை அவர்களிடம் வாசிக்கக் கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்டுக்கொண்டார் என்று சரித்திரம் கூறுகிறது. 1940-இல் சிகாகோவில் கூடிய இரண்டாவது உலக விஞ்ஞானக் கதை மகாநாட்டில் கௌரவ விருந்தினராக வந்தவர், மாறுவேஷ நிகழ்ச்சியில் ஸி. எல். மூர் என்ற எழுத்தாளப் பெண்மணி படைத்த நார்த்வெஸ்ட் ஸ்மித்தின் வேஷத்தில் தோன்றினார். இன்னொருவர் சிருஷ்டித்த நாயகனின் உடையை, ஐம்பது வயது நிரம்பிய ஓர் ஆசிரியர், அதுவும் டாக்டர் பட்டம் பெற்றவர், அணிந்து நிற்கக் கூசவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறு ஆண்டே பரிகாசமும் வந்தது. அதுவும் அபிமானிகளிடமிருந்தே வந்தது. இல்லினாய்ஸ் மாகாணத்தில் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டிய வில்ஸன் டக்கர், தம்முடைய சிறுபத்திரிகையில், கௌபாய்ப் படங்களுக்கும் ரேடியோ நாடகங்களுக்கும் வழங்கிவந்த கேலிப்பெயர்களை ஒட்டி, அரைத்த மாவையே அரைக்கும் ராக்கெட் கதைகளுக்கு ‘ஸ்பேஸ் ஆபெரா’ என்று பெயரிட்டார். ‘காலக்ஸி’ சஞ்சிகை 1950 அக்டோபரில் பிறந்தபோது, முதலிதழின் பின்னட்டையில், குதிரையேறி வரும் ஒரு வீரனின் கதையையும் ராக்கெட்டில் இறங்கும் அதே வீரனின் கதையையும் பக்கம் பக்கமாக வைத்து, சொற்களை மாற்றினால் இரண்டும் ஒன்றே என்று காட்டி, இந்தச் சரக்கு எங்களிடம் கிடைக்காது என்று விளம்பரம் செய்தார்கள். வாஸ்தவமான கேலிதான். ஆனாலும் அந்தச் சரக்குக்கென்றே ஒரு கடை அப்போதும் திறந்திருந்தது.

அது 1939 முதல் 1955 வரை நடந்த ‘பிளானட் ஸ்டோரீஸ்’. அதன் கடிதப் பகுதியில் சிறந்த கடிதங்களை வாசகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். வென்றவருக்குக் கதைக்கு வரைந்த மூலச் சித்திரம் பரிசு. செவ்வாயின் வறண்ட கால்வாய்களையும் அழிந்த நகரங்களையும் பற்றி அதில் எழுதிய லீ பிராக்கெட்டைப் போல் வசன வன்மை உடையவர் அந்தக் கூட்டத்தில் வேறு யாருமில்லை. ஹாலிவுட்டில் ஹாவர்ட் ஹாக்ஸ் என்ற டைரக்டர் ‘தி பிக் ஸ்லீப்’ படத்துக்கு வசனமெழுத அழைத்தபோது, பாதியில் நின்ற ஒரு நீண்ட கதையை இளைஞரான ரே பிராட்பரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் முடித்துக் கொடுக்க, 1946-இல் இருவர் பெயரிலும் அது வெளிவந்தது. அதே ஆண்டின் கடைசி நாளன்று பிராக்கெட் மணந்த எட்மண்ட் ஹாமில்டனோ, உலகங்களை உடைப்பதில் சமர்த்தர் என்று வாசகர்கள் பட்டம் சூட்டிய பழைய பல்ப் எழுத்தாளர்.

பல்ப் சஞ்சிகைகள் ஐம்பதுகளின் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. பெரிய பதிப்பகங்கள் சீந்தாத ஸ்மித்தின் நாவல்களைப் புத்தகமாக்கியவர்கள் அபிமானிகளே; பென்ஸில்வேனியாவில் லாயிட் எஷ்பாக் 1946-இல் நிறுவிய ‘பாண்டஸி பிரஸ்’, லென்ஸ்மன் வரிசையை ஆறு நூல்களாக 1948 முதல் 1954 வரை வெளியிட்டது. அதற்காக ஸ்மித் பழைய ‘டிரைபிளானடரி’யைத் திருத்தி முதல் நூலாக்கியபோது, பத்திரிகை வாசகர்கள் பத்தாண்டுகள் காத்திருந்து கடைசியில் அறிந்த ரகசியத்தை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டார். எந்த நூலிலிருந்து படிக்கத் தொடங்குவது என்ற வழக்கு அன்று முதல் தீரவில்லை. அந்த வரிசையின் ‘காலக்டிக் பட்ரோல்’ முதலில் என்பது என் கட்சி. கெர்ன்ஸ்பாக்கின் பெயரால் வழங்கும் ஹ்யூகோ பரிசை, எக்காலத்துக்கும் சிறந்த தொடருக்கென்று 1966-இல் ஒருமுறை அளித்தபோது, லென்ஸ்மனும் போட்டியில் நின்றது. பரிசு போனது மிட்டாய்க் கடைக்காரர் மகனின் ‘பவுண்டேஷ’னுக்கு. ஸ்மித் முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார்.

வசைச்சொல்லாகப் பிறந்த பெயரைப் பெருமையோடு அணிந்துகொள்ளும் காலம் எழுபதுகளில் வந்தது. பிரையன் ஆல்டிஸ் என்ற எழுத்தாளர் அந்தப் பெயரையே தலைப்பாக்கி 1974-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். மறு ஆண்டு ‘பிளானட் ஸ்டோரீஸ்’ கதைகளைத் தொகுத்த பிராக்கெட், முன்னுரையில் அந்த வகைக்காகப் பகிரங்கமாக வழக்காடினார். ‘பிளாஷ் கார்டன்’ கதையைப் படமாக்க உரிமை கிடைக்காத ஜார்ஜ் லூகாஸ், 1977-இல் தாமே ஒரு கதை புனைந்து ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்தார். பிளாஷ் கார்டன், பக் ராஜர்ஸுக்குப் போட்டியாக 1934-இல் வந்த சித்திரத் தொடர். ஆகவே வம்சாவளி 1928 ஆகஸ்டு இதழுக்கே போய்ச் சேருகிறது. இரண்டாம் படத்துக்குத் திரைக்கதை எழுத லூகாஸ் அழைத்தது பிராக்கெட்டை. 1978 பிப்ரவரியில் முதல் பிரதியை ஒப்படைத்த அவர், அடுத்த மாதம் புற்றுநோயால் மறைந்தார். அந்தப் பிரதியில் வில்லனான டார்த் வேடர் கதாநாயகனின் தகப்பன் அல்லன். தகப்பனின் ஆவி தனியே வந்து மகனுக்குக் காட்சி தருகிறது. பின்னால் லூகாஸும் லாரன்ஸ் காஸ்டனும் பெரிதும் மாற்றியெழுதிய திரைக்கதையின்மீது பிராக்கெட்டின் பெயர் மரியாதைக்காக மட்டும் நின்றது என்பார் ஒரு சாரார். முதல் பிரதியின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, பனிக் கிரகமும் மேகத்து நகரமும் அதிலேயே உண்டு என்பார் மற்றொரு சாரார். இரண்டாம் சாராரின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது; ஆனால் முதல் சாரார் இதை ஒப்புக்கொள்ளப் போவதில்லை.